ஒற்றைக்கொம்பு

ராயகிரி,
ஆனி 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் மதினியும் சுகம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ரெண்டு நாளாக மேலக்காற்று ஓட்டைப் பெயர்க்கிற மாதிரி அடிக்கிறது. மலை முழுக்க மேகம், ஊருக்குள் ஒரு தூறல்கூட இல்லை. நம்ம ஊர் ராசிதான் உனக்குத் தெரியுமே, மழை குற்றாலத்துக்கு, காற்று நமக்கு.

செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ போனில் சொன்னதற்கெல்லாம் சரி சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். போனில் பேச ஆரம்பித்தால் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் கத்துவேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். "உங்க மருமகன் அந்தப் பேய்க்கதைப் புத்தகத்தைப் போர்வைக்குள்ள வச்சுப் படிக்கான், பாடப் புத்தகத்தைத் தொடமாட்டேங்கான், பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்" என்றாய். பாப்பா, நீ சொன்னதில் ஒரு வார்த்தையை நீயே கவனிக்கவில்லை. படிக்கான் என்று சொன்னாய். நாலு வருஷமாக அவனைப் பற்றி உன் வாயில் வராத வார்த்தை அது.

அது பேய்க்கதை இல்லை. நானும் முதலில் அட்டையைப் பார்த்துவிட்டு அப்படித்தான் நினைத்தேன். பெர்சி ஜாக்சன் என்று ஒரு பையன், வயசு 12. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மாற்றி விரட்டுகிறார்கள். ஒரு இடத்தில் அடங்கி உட்காரமாட்டான், எழுத்தைப் பார்த்தால் எழுத்து நகருகிறது என்பான். அப்பா யாரென்று தெரியாது. கடைசியில் பார்த்தால் அப்பா கிரேக்கர்களின் கடல் தெய்வம், போஸைடன். தெய்வத்துக்கும் மனுஷிக்கும் பிறந்த பிள்ளைகளுக்கென்று நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்டில் ஒரு முகாம். அங்கே அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அதற்குள் வானத்துத் தெய்வம் சூஸின் இடியாயுதம் களவு போய்விட்டது. நம்ம இந்திரனுக்கு வஜ்ராயுதம் மாதிரி என்று வைத்துக்கொள். பழி இந்தப் பையன் மேல். ஜூன் 21-க்குள் அதைக் கண்டுபிடித்துக் கொடுக்காவிட்டால் தெய்வங்களுக்குள் யுத்தம். இவன், அதீனா தேவியின் மகள் ஒருத்தி, ஆட்டுக்கால் உள்ள ஒரு கூட்டாளி, மூன்று பேரும் பஸ்ஸிலும் ரயிலிலும் அமெரிக்காவைக் குறுக்கே கடந்து போகிறார்கள். ஒலிம்பஸ் மலை எங்கே இருக்கிறது தெரியுமா? எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600-வது மாடியில்! அதை வாசித்துவிட்டு உன் மகன் திண்ணையில் உருண்டு சிரித்தான்.

நாளை மறுநாள்தான் ஜூன் 21. உனக்கும் அதுதான் கெடு. தபால் வந்துசேர 22 ஆகிவிடும் என்பதால் ஒரு நாள் சலுகை தருகிறேன். பீரோவைத் திற.

அந்தப் புத்தகத்தில் 22 அத்தியாயம். அவன் லீவுக்கு இங்கே வந்திருந்தபோது ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டோம். காலையில் பாதி, வெயில் தாழ மீதி. முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். அவன் இங்கிலீஷ் வாசிக்கிற வேகம் உனக்குத் தெரியும், ஒரு வரியில் நாலு தடவை நின்றுவிடுவான். நீயும் டியூஷன் மிஸ்ஸும் பக்கத்தில் உட்கார்ந்து உச்சுக்கொட்டி உச்சுக்கொட்டி, நிற்கிற இடத்திலெல்லாம் நம்ம முகத்தைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது அவனுக்கு. என் முகத்தைப் பார்த்தான். நான் லிப்கோ அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவன் எழுத்தில் நின்றான், நான் அர்த்தத்தில் நின்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஆரம்பப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ்தானே. அமெரிக்கப் பையன்கள் பேசுகிற கொச்சை எனக்கு எங்கே புரியும்? அது அவனுக்குப் புரிந்தது. கார்ட்டூன் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறான். "மாமா, அது திட்டு இல்ல, கேலி" என்று எனக்குச் சொல்லித் தந்தான். ரெண்டு நொண்டிகள் தோளில் தோள் போட்டு நடந்த மாதிரி ரெண்டு பேரும் சேர்ந்து முதல் அத்தியாயத்தை முடித்தோம். அவனை விட மெதுவாக வாசிக்கிற பெரிய ஆள் ஒருத்தரை அவன் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறான் என்று நினைக்கிறேன். மூன்றாம் நாளிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டான்.

எழுதினவர் ரிக் ரியோர்டன் என்று டெக்சாஸ்காரர், சான் அன்டோனியோ ஊர். என்னை மாதிரி வாத்தியார்தான். 15 வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினவர். அவர் மகனுக்கும் உன் மகனுக்கு இருக்கிற அதே தொந்தரவு: டிஸ்லெக்ஸியா, அதோடு ஓரிடத்தில் நிற்கமுடியாத அந்த ஏ.டி.ஹெச்.டி. ரெண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வேறு எதுவும் பிடிக்கவில்லை, கிரேக்கக் கதை மட்டும் பிடித்தது. ராத்திரி ராத்திரி படுக்கையில் அப்பாவிடம் கதை கேட்டிருக்கிறான். கதையெல்லாம் தீர்ந்துபோன பிறகும் இன்னொன்று சொல்லு என்றிருக்கிறான். அப்போது இட்டுக்கட்டினதுதான் இந்த பெர்சி. அவர் மகனுக்கு இருந்ததையெல்லாம் பெர்சிக்கும் வைத்தார். எழுத்து ஏன் நகருகிறது? உன் மூளை பழைய கிரேக்க மொழிக்கென்று அமைந்தது, அதனால்தான். ஏன் சும்மா உட்கார முடியவில்லை? போர்க்களத்தில் உயிர் தப்புவதற்கான துடிப்பு அது. எழுதி முடித்த கையோடு தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து எப்படியிருக்கிறது என்று கேட்டிருக்கிறார். 2005-ல் புத்தகமாக வந்து, 2009-க்குள் அஞ்சு பாகம் ஆகி, 2010-ல் சினிமா, 2023 டிசம்பரில் டி.வி. தொடர். அதெல்லாம் இருக்கட்டும். நம்ம ஆச்சியும் இதைத்தான் செய்தாள். உனக்கு இருட்டுக்குப் பயம் என்பதால் இருட்டில் மட்டும் கண் தெரிகிற ராஜகுமாரி ஒருத்தியை உனக்காக உண்டாக்கினாள், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கதை எந்தப் புத்தகத்திலும் கிடையாது. நானும் தேடிப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒரு இடத்தில் அந்த ரியோர்டன் என்னைச் சிக்கலில் மாட்டிவிட்டார். மூளை கிரேக்கத்துக்கு அமைந்தது என்ற பக்கத்தை வாசித்ததும் உன் மகன் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தான். "அப்ப எனக்கு எந்த மொழி மாமா?" என்றான்.

என்ன சொல்ல? உனக்கும் ஒரு ரகசிய மொழி இருக்கிறது என்று ஒரு கதை விட்டிருக்கலாம். அந்த அமெரிக்க வாத்தியார் அதைத்தான் செய்தார், நன்றாகத்தான் செய்தார். எனக்கு மனசு வரவில்லை. அவனுக்கு 11 வயசு ஆகிறது, நாளைக்கு அது பொய் என்று தெரியும்போது நான் சொன்ன மற்றதும் பொய்யாகிவிடும். "அப்படியெல்லாம் தனி மொழி கிடையாதுலே. இதே தமிழ், இதே இங்கிலீஷ்தான். பைய வரும்" என்றேன். முகம் விழுந்துவிட்டது. அன்றைக்கு மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. உன் மதினி என்னை ஒரு முறை முறைத்தாள். நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

சாயங்காலம் அவனே வந்தான். அவனுக்குத் தமிழில் எப்போதும் தகராறு கொம்பில்தான். நியாயமாகப் பார்த்தால் கொம்பு ஒரு ஏமாற்று வேலை. எழுதும்போது முன்னால் வரும், சொல்லும்போது பின்னால் கேட்கும். அதிலும் ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று வேறு ஒரு கணக்கு. வாத்தியார் வேலை பார்த்த நானே இதை யோசித்ததில்லை, அவன்தான் சொன்னான். கதையில் மினோட்டார் என்று காளைத்தலை அரக்கன் வருவான். பெர்சி அவன் கொம்பு ஒன்றைப் பிடுங்கி அதாலேயே அவனைக் குத்திவிடுவான். "மாமா, அது முதல்ல இரட்டைக்கொம்பு. பெர்சி ஒண்ணைப் பிடுங்கினதும் ஒற்றைக்கொம்பு ஆயிட்டு" என்றான். அதற்குப் பிறகு எழுதும்போது "மாமா, இங்கன மினோட்டாருக்கு எத்தனை கொம்பு?" என்று கேட்பான். நான் ஒன்று, ரெண்டு என்று விரலைக் காட்டுவேன். உன் டியூஷன் மிஸ்ஸிடம் இதைச் சொல்லாதே, புரியாது.

வைகாசிக் கொடைக்கு அவனை வில்லுப்பாட்டுக்குக் கூட்டிப்போனேன். நீ திட்டுவாய் என்று சொல்லவில்லை. விடிய விடிய முழித்திருந்தான். சுடலை பிறந்த கதை. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாற்றிப் பாடுவார்கள், உனக்குத் தெரிந்ததுதான்: பார்வதி பிள்ளைவரம் கேட்டு முந்தியை ஏந்த, விளக்குச் சுடர் தெறித்து விழுந்து பிறந்த பிள்ளை, நடுச்சாமத்தில் தொட்டிலை விட்டு இறங்கிப் போய்ச் சுடுகாட்டில் பிணம் தின்றான் என்று கைலாசத்தில் இடமில்லாமல் போய், வரத்தைக் கொடுத்துப் பூமிக்கு அனுப்பிவிட்டார்கள். உடுக்கை நின்ற ஒரு இடைவெளியில் என் காதில் சொன்னான்: "மாமா, இவனும் அரைத்தெய்வம்தான. இவங்க அப்பாவும் வெளிய அனுப்பிட்டாரு."

நான் ஐம்பது வருஷமாகக் கேட்கிற கதை பாப்பா. பிணம் தின்ற பயங்கரம்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத பிள்ளை என்று எனக்குப் பட்டதில்லை. புத்தகத்தின் கடைசியில் பெர்சி 600-வது மாடிக்குப் போய் அப்பாவைப் பார்ப்பான். அந்தக் கடல்தெய்வத்துக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை. உன்னைப் பிறக்க வைத்ததற்காக வருந்துகிறேன் என்கிற மாதிரி ஒரு பேச்சுப் பேசுவார். அந்த இடத்தை அவன் ரெண்டு தடவை வாசித்தான். மாப்பிள்ளை அவனிடம் அப்படியெல்லாம் சொல்கிற ஆள் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவாராம். அவன் அதைச் சொல்லிக் காட்டவில்லை, பேச்சுவாக்கில் வந்தது. கர்ணன் கதையையும் சொன்னேன். பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டது அவனுக்குப் புதுசில்லை. உண்மையான கிரேக்கப் புராணத்தில் பெர்சியஸையும் தாயோடு பெட்டியில் அடைத்துக் கடலில் விட்டார்கள், அதைச் செம்படவன் ஒருத்தன் கரைசேர்த்தான் என்று எனக்கே சொன்னான். இங்கே தேரோட்டி, அங்கே செம்படவன். தூக்கி வளர்க்கிறவன் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஆள்தான் போலிருக்கிறது.

எனக்குப் புத்தகம் முழுக்கப் பிடித்ததா என்று கேட்டால், இல்லை. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு அரக்கன் வந்து நிற்பது பதினைந்தாம் நாள் போல அலுத்துவிட்டது. தெய்வங்கள் சினிமாக்காரர்கள் மாதிரி பேசுகிறார்கள். மது தெய்வம் டயோனிசஸ் தண்டனையில் இருப்பதால் டயட் கோக் குடிக்கிறார். சிரிப்புதான், ஆனால் பயபக்தி என்று ஒன்று வேண்டாமா? "அவங்களே அவங்க சாமிய இப்ப கும்பிடறது இல்லையே மாமா" என்று உன் மகன் எனக்குச் சமாதானம் சொன்னான்.

மெடூசா வருகிற இடத்தில் மட்டும் நாங்கள் ஒரு நாள் முழுக்கத் தங்கிவிட்டோம். தலைமுடியெல்லாம் பாம்பாக இருக்கிறவள், பார்த்தவர்கள் கல்லாகிவிடுவார்கள். கதையில் அவள் முக்காடு போட்டுக்கொண்டு சாலையோரம் கற்சிலைக் கடை நடத்துகிறாள். பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு, போட்டோ எடுக்கிறேன் என்று உட்காரவைப்பாள். பெர்சி கண்ணாடிப் பந்தில் அவள் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே தலையை வெட்டிவிடுவான். பழைய கதையில் அவள் அழகான பெண். அதீனாவின் கோயிலில் வைத்து போஸைடன் அவளைக் கெடுக்க, தண்டனை அவளுக்கு விழுந்தது என்று ரோமாபுரிக் கவி ஓவிட் சொல்லியிருக்கிறான். ரியோர்டன் பிள்ளைகளுக்காக அதை மேலோட்டமாகத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். நானும் அந்த அளவுக்குத்தான் சொன்னேன்: செய்தது ஒருத்தர், சாபம் இவளுக்கு. உன் மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம ஊரா இருந்தா மெடூசாவுக்குக் கோயில் கட்டியிருப்பாங்கல்ல மாமா?" என்றான்.

கட்டியிருப்போம்தான். அநியாயமாகச் செத்தவர்களுக்குத்தானே நம்ம பக்கம் பாதிக் கோயில் இருக்கிறது. வெட்டினவன் பேர் கதையில் மட்டும் இருக்கும், வெட்டுப்பட்டவளுக்குப் பொங்கல் வைப்போம். பாம்பும் நமக்குக் கூந்தலில் வந்தால்தான் பயம். சங்கரன்கோவிலில் புற்றுமண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்கிறோம். அடுத்த நாளே அவனைச் சங்கரன்கோவில் கூட்டிப்போய்ச் சங்கன், பதுமன் கதையைச் சொல்லி, பாதி சிவன் பாதி பெருமாளாக நிற்கிறவரைக் காட்டினேன். புற்றுமண்ணில் ஒரு உருண்டையைக் காகிதத்தில் மடித்து அந்தப் புத்தகத்துக்குள்தான் வைத்திருக்கிறான். மெடூசா அத்தியாயத்தில். பீரோவிலிருந்து எடுக்கும்போது கொட்டிவிடாதே.

இன்னொன்று. அவன் உன்னிடம் நீல நிறத்தில் தோசை கேட்டால் பைத்தியம் என்று நினைக்காதே. பெர்சியின் அம்மா மிட்டாய்க் கடையில் வேலை பார்க்கிறவள். அவளுக்கு வாய்த்த புருஷன் ஒரு தண்டச்சோறு. நீலத்தில் சாப்பாடே கிடையாது என்று எப்போதோ அவன் அடித்துச் சொல்ல, அன்றைக்கிலிருந்து பிள்ளைக்கு அவள் எதைச் செய்தாலும் நீலமாகவே செய்வாள். இங்கே உன் மதினி வேலியில் கிடக்கிற சங்குப்பூவைப் பறித்து வெந்நீரில் போட்டு, அந்தத் தண்ணீரில் மாவு பிசைந்து நீல இடியாப்பம் பிழிந்து கொடுத்தாள். பதினெட்டு சாப்பிட்டான். முடிவில் அந்த அம்மா மெடூசா தலையைக் காட்டிப் புருஷனைக் கல்லாக்கி, அதைச் சிலை என்று விற்றுக் காசாக்குகிறாள். பிள்ளைகள் கதைக்கு இது கொஞ்சம் கூடுதல் என்று எனக்குப் பட்டது. உன் மதினி அடுப்படியிலிருந்தே "சவத்துக்கு நல்லா வேணும்" என்றாள்.

இப்போது உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். 1991-லோ 92-லோ என் வகுப்பில், மூன்றாம் வகுப்பு, ஒரு பையன். வாய்க்கணக்கில் மின்னல். எழுதச் சொன்னால் கரும்பலகையில் இருப்பது நோட்டில் வேறு மாதிரி வந்து விழும். கவனமில்லை, திமிர், சோம்பல் என்று நினைத்தேன். எத்தனை நாள் முட்டிபோட வைத்தேன் என்று கணக்கில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டான். இப்போது எலுமிச்சை ஏவாரம் பார்க்கிறான், புளியங்குடி சந்தையில் மதிப்பான ஆள். என்னைக் கண்டால் "சார்" என்று எழுந்து நிற்பான். அவன் எழுந்து நிற்கிறபோதெல்லாம் நான் எதையாவது பார்க்கிற மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை பாப்பா. உனக்குச் சொல்ல ஆள் இருக்கிறது.

அவனுக்கு இருப்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொன்ன 21 வகையில் கற்றல் குறைபாடும் ஒன்று. முறைப்படி சோதித்துச் சான்றிதழ் வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் தருவார்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் என்று இதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார். அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்று யோசிக்காதே. மூன்றாவது டியூஷனுக்குக் கட்டப்போகிற காசை இதற்குச் செலவழி.

ரெண்டாவது பாகத்தை நான் வாங்கித் தருவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதில் பெர்சிக்கு ஒற்றைக்கண் ராட்சசன் ஒருத்தன் தம்பியாக வருகிறானாம். பீமனுக்கும் அனுமாருக்கும் ஒரே அப்பா என்று நான் சொன்னதிலிருந்து உன் மகன் அதற்காகத் தவித்துக்கொண்டிருக்கிறான். நம்ம பாரதத்தை வைத்தும் இதே மாதிரி ஒரு வரிசை வந்திருக்கிறது. 2018-ல் ஆரம்பித்தது, ஆரு ஷா என்று ஒரு பெண்பிள்ளை கதை. எழுதினது ரோஷனி சோக்ஷி. நம்ம கதையைத் தானே எழுதிக் காசு பார்க்காமல் நம்மவர்களை எழுத வைத்துத் தன் பேரில் வெளியிட்டிருக்கிறார் ரியோர்டன். அந்த ஒரு காரியத்துக்காக டயட் கோக்கை மன்னித்துவிட்டேன். அதையும் பரீட்சை லீவுக்குள் தேடிப் பிடிக்கிறேன்.

மே மாதம் அவனை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனபோது வெறும் பாறைதான் இருந்தது. தண்ணீர் பட்டால் பெர்சிக்குக் காயம் ஆறும், பலம் வரும் என்று கதையில் படித்துவிட்டு ஆசையாக வந்தவன், ஏமாந்து போனான். "போஸைடன் லீவுல போயிட்டாரு மாமா" என்றான். சங்கரன்கோவிலில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் என் லிப்கோ அகராதிக்குள் ஒரு சீட்டு. அவன் கையெழுத்தில், ஒரு எழுத்து பெரிசு ஒரு எழுத்து சிறிசாக: "மாமா குற்றாலத்துல மழை பேயுதுனா போன் பண்ணுங்க."

சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன், பழக்கதோஷம். பெய்யுது என்று இருக்கவேண்டும், ஒற்றைக்கொம்பு. பிறகு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நம்ம ஊரில் யார் பெய்யுது என்கிறோம்? நீ, நான், ஆச்சி, எல்லாரும் மழை பேயுதுன்னுதான் சொல்லி வளர்ந்தோம். அவன் காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறான். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

நேற்றுக் காலையில் தென்காசி போயிருந்தேன். ஐந்தருவியில் அஞ்சு கிளையிலும் தண்ணீர் விழுகிறது, சாரல் ரோடு வரைக்கும் வருகிறது. அவனிடம் சொல்லிவிடு.

இப்படிக்கு,
அண்ணன்